வடக்கு அறைப் பாத்தியம்

மத்தியானம் பன்னெண்டு மணி. சின்னமனூர்ல இருந்து ஓடைப்பட்டி போற வண்டிப்பாதை. சித்திரை வெயிலு... ரோட்டுல ஈ காக்கா இல்லை.

ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கணுமா? ராத்திரின்னா நாய் கொலைக்கும், காவக்காரன் இருமுவான், பக்கத்துல நாலு பேரு படுத்திருப்பான். உச்சி வெயில்லதான்யா மனுசன் தனியா மாட்டுவான். ஊரே வாயை மூடிக்கிட்டுக் கெடக்கும். அந்த நேரத்துல ஒரு பழைய வீட்டு வாசல்ல போயி நின்னு பாருங்க. உங்க மூச்சு உங்களுக்கே கேக்கும்.

சண்முகராஜு, விளக்கைக் கொஞ்சம் தணி. விடிஞ்சா நீ வாங்குன வீட்டுல பால் காய்ச்சணும். மண்ணெண்ணெய் ரேசன்ல கெடைக்கிற லட்சணத்துக்கு இப்பவே தீத்துப்புடாத. எல்லாரும் இங்கன நெருங்கி உக்காருங்க... ஆங், அப்படி. நான் இருவது வருசமா இந்தப் பள்ளத்தாக்குல வீடு காட்டிக்கிட்டுத் திரியிற தரகன். "செல்வமணி அண்ணே, பழைய வீடு வாங்குனா என்னென்ன பாக்கணும்?"னு சாயந்தரம் கேட்டேல்ல? அதைத்தான் சொல்றேன்.

நடந்து பத்து வருசம் இருக்கும். இந்த உலகச் சண்டை வர்றதுக்கு முந்தி. என் சேக்காளி கர்ணன், கடமலைக்குண்டுக்காரன்... அவன் தங்கச்சி மாப்பிள்ளைக்கு நடந்தது. கர்ணனே கண்ணால பாத்தது பாதி. கர்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் நடுவுல சிரிச்சுருவான். இதைச் சொன்னப்ப அவன் சிரிக்கலை.

மாப்பிள்ளை பேரு சீனிச்சாமி. ஊர் ஊராப் போயி அம்மை குத்துறவரு. காக்கிச் சட்டை, தகரப் பெட்டி, உள்ள மருந்தும் திருகு ஊசியும். இவரு தெருமுனையில வர்றப்பவே புள்ளைக வைக்கப்போருக்குள்ள ஓடி ஒளியும். பொம்பளைக கதவைச் சாத்துவாக. புள்ளைக்கு வலிக்குமேன்னு மட்டும் இல்லை. அம்மைன்னா மாரியாத்தா, அவ வெளையாட்டுல ஊசியக் கொண்டு குறுக்க போறவன் வீட்டுல தங்குனா ஆத்தா கோவிப்பான்னு பயம். வாசல்ல தண்ணி குடுப்பாக, சொம்பைத் தனியா வச்சுருவாக.

அப்படிப்பட்ட ஆளுக்கு யாரு வாடகைக்கு வீடு விடுவா? சின்னமனூர்ல கேட்டாரு, ஓடைப்பட்டியில கேட்டாரு... பத்து ஊர்ல கேட்டாரு. "வீடு காலியா இருக்கு. ஆனா இல்லை"ன்னு சொன்னாகளாம். சாவடியில படுப்பாரு, கோயில் மண்டபத்துல படுப்பாரு. பொண்டாட்டி பஞ்சம்மாளும் பொம்பளைப் புள்ளை முருகும் கடமலைக்குண்டுல அவ ஆத்தா வீட்டுல. புள்ளைக்கு ரெண்டு வயசுல பிரிஞ்சது... அப்ப ஆறு. பொங்கலுக்குப் பொங்கல் போவாரு. புள்ளை இவரைப் பாத்தா, மத்தப் புள்ளைக மாதிரியே, ஓடி ஒளியும். அந்த மனுசனுக்கு வேண்டியது ஒண்ணுதான். கதவு வச்ச ஒரு வீடு, அதுக்குள்ள அவுக ரெண்டு பேரும்.

வாடகைக்கு இல்லைன்னா வெலைக்கு. அதான் அந்த உச்சி வெயில்ல நடந்து வந்தாரு.

வீடு ஊரைத் தாண்டிக் கடைசியா நின்னுச்சு. நாழி ஓடு, செம்மண் சுவரு, கெணறு பொதுவு. விக்கிறவன் ஒச்சாண்டி. இப்ப ஊருக்குள்ள வேற வீட்டுல குடியிருக்கான். சீனிச்சாமி சுவத்தைத் தட்டிப் பாத்தாரு. உத்தரத்துல கரையான் இருக்கான்னு பாத்தாரு. கெணத்துல எறங்காத கொறை. வீடு வாங்குற எல்லாரும் இதைத்தான் பாப்பான். நீயும் இதைத்தான் பாத்த.

வடக்குப் பக்கம் ஒரு அறை. கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள இருந்து சத்தம்...

சளக்... சளக்... சளக்...

சுளகுல தானியம் பொடைக்கிற சத்தம். புது உமி வாசம் கதவு இடுக்கு வழியா வந்துச்சு.

"யாரு உள்ள?"ன்னாரு.

"எங்க சின்னாத்தா. அன்னத்தாய்னு பேரு. புள்ளை குட்டி இல்லை, சித்தப்பனும் போயிட்டாரு" ஒச்சாண்டி குனிஞ்சுக்கிட்டே சொன்னான். "இந்த அறை அவுகளுக்குன்னு விட்டது. அவுக இருக்குற வரைக்கும் அவுகளைக் கெளப்பக் கூடாது. ஒரு வேளை கூழ் வாசல்ல வச்சாப் போதும். யார்கூடயும் பேச மாட்டாக. அதுக்குச் சம்மதம்னா வீட்டைப் பாதி வெலைக்குத் தர்றேன்."

சீனிச்சாமிக்குச் சந்தோசம்தான். நான் ஊர் ஊராப் போறப்ப பொண்டாட்டிக்கு ஒரு பெரிய மனுசி தொணைன்னு நெனைச்சுக்கிட்டாரு. கதவுகிட்டப் போயி, "ஆத்தா, நான் சீனிச்சாமி. வீடு வாங்க வந்திருக்கேன்"னாரு.

சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம்... அப்புறம் மறுபடி சளக்... சளக்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறவரு வழக்கம்போல "ஆயுள் பரியந்தம்"னு, அதாவது ஆயுசு முடியிற வரைக்கும்னு, எழுத வந்தாரு. ஒச்சாண்டி கையைப் புடிச்சுட்டான். "வேணாம் சாமி. நான் சொல்ற மாதிரியே போடுங்க"ன்னான். அவரும் போட்டாரு. 'மேற்படி வீட்டின் வடபுறத்து அறையில் அன்னத்தாய் அம்மாள் இருக்கும் வரை யாதொரு ஆட்சேபணையும் செய்யாமலும், தினம் ஒரு வேளை கூழ் வார்த்தும் வர வேண்டியது.' சீனிச்சாமி அதை ரெண்டு தடவை படிச்சாரு. ரெண்டு தடவையும் ஒண்ணும் தோணலை. உங்களுக்கு மட்டும் தோணியிருக்குமாக்கும்?

வில்லங்க சர்ட்டிபிகேட்டும் போட்டுப் பாத்தாரு. அதுல அடமானம் வரும், ஜப்தி வரும். இது எப்படி வரும்?

வைகாசியில குடி வந்தாரு, ஒத்த ஆளா. பொண்டாட்டிக்குக் கடுதாசி போட்டாச்சு. ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து வர்றோம்னு பதில் வந்துச்சு. விடிஞ்சதும் கேப்பைக் கூழைக் கலயத்துல ஊத்தி வடக்கு அறை வாசல்ல வைப்பாரு. பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருவாரு. பொழுது சாயத் திரும்பி வந்தா, கலயம் கழுவிக் கவுத்தியிருக்கும். ஒரு நாள் தவறலை.

நாளெல்லாம் மூஞ்சியில கதவு சாத்திச் சாத்தி வர்ற மனுசன். அவருக்கு அந்தச் சாத்துன கதவு ஒண்ணுதான் பேச்சுத்தொணை. வெளியில உக்காந்து அன்னன்னிக்கு நடந்ததைச் சொல்லுவாரு. "ஆத்தா, இன்னைக்கு ஒருத்தி என்னைப் பாத்து நாயை அவுத்து விட்டா." சுளகு நிக்கும். கேக்குறாக! இவரு சொல்லி முடிச்சா மறுபடி சளக்... சளக். "ஆத்தா, எம் புள்ளைக்குப் பின்னல் போடத் தெரிஞ்சவக வேணும், அவ ஆத்தா இழுத்து இழுத்துப் போடுறாளாம், புள்ளை அழுகுதாம்." சுளகு நிக்கும். அந்த நிக்கிறதுக்காகவே பேசுவாரு போலருக்கு. சிரிக்காதீக. நாலு வருசம் சாவடியில படுத்தவனுக்குத்தான் அது தெரியும்.

ஒரு தடவைகூட அவுக மூஞ்சியப் பாக்கலை. கேக்கவும் இல்லை. பெரிய மனுசி, கூச்சம்னு விட்டுட்டாரு.

ஆடி மாசம். ஊசி போடாத புள்ளைக யாரு யாருன்னு எடுக்க மணியகாரர் வீட்டுக்குப் போயி பொறப்பு எறப்பு நோட்டைப் பொரட்டுறாரு. அவரு வேலையே அதானே. பொறந்த புள்ளைக பேரை எழுதிக்கிட்டே வர்றாரு... பக்கம் தப்பி எறப்புப் பக்கம் வந்துருச்சு. அதுல ஒரு வரி.

அன்னத்தாய். விதவை. வயது அறுபத்தெட்டு. வடக்கு அறை வீடு.

தேதியப் பாத்தாரு. அவரு வீடு வாங்குறதுக்கு மூணு வருசம் முந்தி.

மணியகாரர் தண்ணி குடுத்தாராம். அன்னைக்குச் சொம்பைத் தனியா வைக்கலையாம். மனுசன் மூஞ்சி அப்படி இருந்திருக்கு.

நேரா ஒச்சாண்டி வீடு. "ஏலே, செத்துப்போனவுகளை இருக்காகன்னு சொல்லி வித்தியாடா?"ன்னு சட்டையப் புடிச்சாரு. ஒச்சாண்டி தட்டி விடலை. அவன் கண்ணுல தண்ணி.

"இருக்காகன்னுதாண்ணே சொன்னேன். உசுரோட இருக்காகன்னு சொன்னேனா?"

கேட்டீகளா? 'இருக்காக'ன்னா நாம என்ன நெனைக்கிறோம்? உசுரோட இருக்காகன்னு நெனைக்கிறோம். வீட்டுல இருக்காகன்னும் நெனைக்கிறோம். ரெண்டும் ஒண்ணுன்னு நெனைச்சுத்தான் சீனிச்சாமி கையெழுத்துப் போட்டாரு.

ஒச்சாண்டி சொன்னான். "நாங்க எல்லாரும் சோளம் அறுப்புக்குப் போயிட்டோம்ணே. காட்டுலயே தங்கிட்டோம். ரெண்டு நாள் கழிச்சு வந்து பாத்தா... கையில சுளகோட சாஞ்சு கெடக்காக. உச்சி வெயில்ல போயிருக்கணும்னாக. கூப்பிட்டாகளோ என்னமோ... கேக்க ஒரு ஆளு இல்லை. தூக்கிட்டுப் போயிச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு வந்து பாத்தா, கதவு உள்ள தாழ் போட்டிருக்கு. மறுநா மத்தியானம் சத்தம் கேட்டுச்சு. எங்களால அங்கன இருக்க முடியலை. வீட்டை வித்தேன். அவுகளை ஒரு தடவை விட்டுட்டுப் போனோம்... மறுபடி தெருவுல விடச் சொல்றீகளா? அதான் அப்படி எழுதச் சொன்னேன்."

சீனிச்சாமி புடிச்ச சட்டைய விட்டாரு. திரும்பி வந்துட்டாரு.

மூணு நாள் கெணத்தடியிலேயே படுத்தாரு. கூழ் மட்டும் வச்சாரு. கலயம் எப்பவும்போலக் கவுந்திருந்துச்சு. கடுதாசி போட்டு வராதீகன்னு சொல்லலாம்... சொன்னா? மறுபடி சாவடி, மறுபடி பொங்கலுக்குப் பொங்கல். புள்ளை வளந்து இவரு யாருன்னே கேக்கும். சொல்லாம விட்டா, ஆறு வயசுப் புள்ளையை அந்தக் கதவுக்குப் பக்கத்துல படுக்க வைக்கணும்.

நாலாம் நாள் உச்சி நேரம். கதவுக்கு முன்னால போயி உக்காந்தாரு. உள்ள சளக்... சளக்...

"ஆத்தா..."

நின்னுச்சு.

"எம் பொண்டாட்டி புள்ளை வருதுக. நாலு வருசமாச்சு ஆத்தா. எனக்கு வேற வழி தெரியலை. நீங்க... நீங்க போயிருங்க ஆத்தா."

எப்பவும் பேசி முடிச்சா சுளகு மறுபடி ஓடும். ஓடலை. இவரும் எந்திரிக்கலை. காத்து இல்லை, ஒரு குருவிச் சத்தம் இல்லை. அப்புறம் உள்ள தாழ்ப்பாள்... கிரீச்... டக். கதவு ஒரு சாண் தெறந்துச்சு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவரை ஒட்டிக்கிட்டு உமி வாசம் போச்சு. வாசப்படிகிட்டக் கொஞ்சம் தயங்கி நின்ன மாதிரி இருந்துச்சாம்... அப்புறம் அதுவும் இல்லை.

இதைக் கேட்டப்ப எனக்கு அவரு மேல கோவமே வந்துச்சு. பத்து ஊர்ல தனக்குக் கதவைச் சாத்துறானுகன்னு அழுத மனுசன். அவரே ஒரு கெழவியைப் பாத்துக் காலி பண்ணுன்னாரே. ஆனா நான் அவரு எடத்துல இருந்தா? நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதான் இன்னமும் மனசு ஆறமாட்டேங்குது.

அறைக்குள்ள ஒண்ணும் இல்லை. கூட்டித் தெளிவா இருந்துச்சு. சுண்ணாம்பு அடிச்சாரு. 'வடக்கு அறை காலியா இருக்கு, புள்ளை வெளையாட ஆகும்'னு பஞ்சம்மாளுக்குக் கடுதாசி போட்டாரு. ஆனா பொழுது சாய வீட்டுக்கு வந்தா, அன்னன்னிக்கு நடந்ததைச் சொல்ல வாய் தெறக்கும்... யாருகிட்டச் சொல்ல? அந்தப் பதினஞ்சு நாளும் அந்த வீட்டுல இருந்த மாதிரி ஒரு தனிமை, சாவடியிலகூட இல்லைன்னாரு.

ஆவணி பொறந்துச்சு. கர்ணன் தன் கூண்டு வண்டியைப் பூட்டித் தங்கச்சியையும் மருமக முருகையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பினான். ரெண்டு நாள் வழி. ராத்திரி வீரபாண்டியில தங்கி, மறுநா சின்னமனூர் தாண்டி ஓடைப்பட்டிப் பாதையில திரும்புறப்ப உச்சி நேரம் ஆகிப்போச்சு.

இனி கர்ணன் சொன்னது. அவன் முன்னால மாட்டைப் பாத்து உக்காந்திருக்கான். பாதை திரும்புன எடத்துல தங்கச்சி, "அண்ணே, கொஞ்சம் நிறுத்து"ன்னா. நிறுத்துனான். வண்டிக் கூட்டுக்குள்ள ஏதோ பேச்சு. புள்ளைக்குத் தண்ணி காட்டுறான்னு நெனைச்சுக்கிட்டான். "ம், போ"ன்னா. ஓட்டுனான். கொஞ்ச தூரத்துல பின்பாரமாகி நுகத்தடி தூக்குது. மாட்டுக்குக் கழுத்து இறுகுது. "முன்னால தள்ளி உக்காரு ஆத்தா"ன்னான், தங்கச்சியத்தான். தள்ளி உக்காந்தாக. நுகத்தடி சமமாச்சு. அம்புட்டுத்தான். திரும்பிப் பாக்கலை.

வீட்டு வாசல்ல சீனிச்சாமி நிக்கிறாரு. வெள்ளை வேட்டி, தலைசீவி, மாப்பிள்ளை கணக்கா. வண்டி நின்னதும் பஞ்சம்மாள் பின்பக்கமாக் குதிச்சு எறங்குனா. வீட்டைப் பாத்தா, இவரைப் பாத்தா... வாயெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணி. கர்ணன் சொல்றான், கல்யாணத்தன்னைக்குக்கூட அவ மூஞ்சி அப்படி இல்லையாம்.

"என்னங்க... உங்களைக் கேக்காம ஒண்ணு செஞ்சுட்டேன். கோவிச்சுக்கிராதீக"ன்னா.

"என்ன?"

"வழியில ஒரு ஆத்தா வெயில்ல நின்னாக. எங்க போகணும்னு கேட்டா, போக்கிடம் இல்லைங்கிறாக. எம்புட்டு நாளா அங்கன நிக்கிறாகளோ... எனக்கு நீங்க சாவடியில படுத்ததுதான் நெஞ்சுல வந்துச்சு. நம்ம வீட்டுல வடக்கு அறை சும்மாத்தானே கெடக்கு, எங்களோட வந்துருங்கன்னு சொல்லி ஏத்திக்கிட்டேன். எறங்குங்க ஆத்தா... எங்க வீட்டுக்காரக ஒண்ணும் சொல்ல மாட்டாக."

சீனிச்சாமி கூட்டுக்குள்ள பாத்தாரு. கர்ணனும் அப்பத்தான் திரும்பிப் பாத்தான்.

உள்ள புள்ளை மட்டும் உக்காந்திருந்துச்சு.

கூட்டுத் தட்டியில சாயலை. மூட்டையில சாயலை. நடு வண்டியில, சொகமா ஒருத்தர் மடியில சாஞ்ச மாதிரி, பின்பக்கமாச் சாஞ்சு உக்காந்திருந்துச்சு. பின்னால ஒண்ணும் இல்லை. புள்ளையோட தலைமுடி பின்னுறதுக்கு மூணு காலாப் பிரிஞ்சு நின்னுச்சு. வலது காலு நடுவுல வந்துச்சு... இடது காலு அது மேல வந்துச்சு... மெதுவா, வலிக்காம, ஒண்ணு மேல ஒண்ணாப் பின்னல் இறங்கிக்கிட்டே வந்துச்சு.

சீனிச்சாமி பொண்டாட்டி மூஞ்சியப் பாத்தாரு. அவ ஒண்ணும் தெரியாமச் சிரிச்சுக்கிட்டு நிக்கிறா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வண்டியைத் திருப்பி ரெண்டு பேரையும் கடமலைக்குண்டுக்கே அனுப்பிப்புடலாம். அவரு வாயைத் தெறந்தாரு...

பின்னல் நுனியில முடிச்சு விழுந்துச்சு. புள்ளை எந்திரிச்சு வண்டி ஓரத்துக்கு வந்துச்சு. நாலு வருசத்துல மொத மொதலா, ஓடி ஒளியாம, இவரை நிமிந்து பாத்துச்சு.

"அப்பா... ஆத்தாவுக்கு முட்டி வலிக்குதாம். எறங்கணும், கை குடுங்க."

அவரு கையை நீட்டுனாரு. ஏன் நீட்டுனாருன்னு அவருக்கே தெரியாது.

வெறும் வெயில்ல, அஞ்சு விரலு வந்து அந்தக் கையை இறுக்கிப் புடிச்சுச்சு.